குளிர்காலத்தில் பாய்மரப் படகு

கேள்வி: இங்கிலாந்தின் நார்ஃபோக் பிராட்ஸ் ஏரிகளில் கோடைக்காலம் முடிந்த பிறகும் சிலர் சிறு பாய்மரப் படகு ஓட்டுகிறார்களாமே, கடுங்குளிரில் அதில் என்ன இன்பம் இருக்கிறது?

பதில்: நிறையவே இருக்கிறது. இடைக்காலத்தில் எரிபொருளுக்காகக் கரிமண் தோண்டிய பள்ளங்களில் நீர் நிரம்பி உருவான இந்த ஏரிகளிலும் அவற்றை இணைக்கும் ஆறுகளிலும், கோடையில் வாடகை மோட்டார் படகுகளின் நெரிசலுக்கு இடையே பாயைத் திருப்பவே இடம் கிடைப்பது அரிது. அக்டோபருக்குப் பின் அவை பெரும்பாலும் கரையேறிவிடும். அதைவிட முக்கியமானது காற்று. கரையோர மரங்கள் இலையுதிர்த்து நிற்பதால், கோடையில் தடைபட்டுத் தடுமாறிய காற்று இப்போது சீராகப் பாயை வந்தடைகிறது. சுக்கானைப் பிடித்திருக்கும் கையே அந்த வேறுபாட்டை உணர்ந்துவிடும். காலையில் பாயை ஏற்றும்போது அதன் மடிப்புகளிலிருந்து உறைபனி பொடிப்பொடியாக உதிரும். ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் வலசை வரும் இளஞ்சிவப்புக் கால் வாத்துகளைக் கூட்டங்கூட்டமாகக் காண்பதற்கும் இதுவே பருவம். அவற்றை நெருங்கிக் கலைக்காமல் விலகிச் செல்வதே முறை.

ஆயினும், குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் சில நொடிகளிலேயே மூச்சுத் திணறும் என்பதால், உயிர்காப்பு அங்கியை எப்போதும் அணிந்திருக்க வேண்டும். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், பிற்பகல் 2 மணிக்கே கரை திரும்பத் தொடங்குவது நல்லது.