தப்பு செய்யாதவனுக்குப் போலீஸைப் பார்த்து என்ன பயம்?

கேள்வி இதுதான்: சிலருக்குப் போலீஸ் என்றாலே ஏன் பிடிப்பதில்லை, ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள், தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் பார்த்தவரைக்கும் பயப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு தப்பும் செய்யாதவர்கள்தான்.

நான் உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் ஊரில் ஒருவர் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறார் என்றால் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி “கூட யாரு வர்றா?” என்பதுதான். பைக்கைத் தொலைத்தவர், அடி வாங்கியவர், பாஸ்போர்ட் விசாரணைக்குப் போகிறவர், எல்லோருக்கும் இதே கேள்வி. தாலுகா ஆபீஸ், பேங்க், பெரியாஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் தனியாகப் போய்வருகிற மனுஷன், ஸ்டேஷன் என்றதும் ஆள் தேட ஆரம்பித்துவிடுவார். வார்டு மெம்பர், கட்சிக்காரர், தெரிந்த வக்கீல், ஏட்டையாவுக்குச் சொந்தக்காரர், யாராவது ஒருவர் வேண்டும். குற்றவாளி இல்லை, புகார் கொடுக்கப் போகிறவரே துணைக்கு ஆள் தேடுகிறார். அப்படித் தேடினாலும் கிடைக்காதவர்கள் ஸ்டேஷனுக்குப் போவதே இல்லை.

எனக்கு இது உறைத்தது 2016-ல். அப்பாவின் ஸ்ப்ளெண்டர் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் திருடு போனது. எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். படித்திருக்கிறோம், மனு எழுதத் தெரியும், எதற்கு இன்னொருத்தர் என்று தனியாகவே போனேன். பாரா நின்றவர், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டரைப் பார்க்கச் சொன்னார். ரைட்டர் மனுவை வாங்கி, படிக்காமல் மேசையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு “கூட யாரு வந்திருக்கா?” என்றார். வீட்டில் கேட்ட அதே கேள்வி. யாருமில்லை என்றேன். “வண்டி எங்கயும் போயிருக்காது, அக்கம்பக்கம் தேடிப் பாரு, அப்புறம் ஆர்சி ஜெராக்ஸ், இன்சூரன்ஸ் ஜெராக்ஸ் எல்லாம் எடுத்துட்டு நாளைக்கு வா.” மறுநாள் எடுத்துக்கொண்டு போனால் எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், மதியம் வா. மதியம் போனால் சாயங்காலம் வா.

அந்த இரண்டு நாளும் ஸ்டேஷன் வாசல் வேப்ப மரத்தடியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். மடியில் மஞ்சப்பை, அதற்குள் யாரோ எழுதிக் கொடுத்த மனு, மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்திருந்தது. இரண்டு ஆடு களவு போயிருக்கிறது, அதில் ஒன்று சினை ஆடு. எடுத்தது யார் என்றும் அவருக்குத் தெரியும், அந்தப் பேரைச் சொன்னதால்தான் மனுவை வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்றார்.

மூன்றாவது நாள் என் மாமா, முன்னாள் கவுன்சிலர் ஒருவரின் தம்பியைக் கூட்டி வந்தார். அவர் யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே உள்ளே போனார். “வாங்கண்ணே” என்று நாற்காலி போட்டார்கள், டீ வந்தது, பத்து நிமிஷத்தில் சி.எஸ்.ஆர். ரசீது என் கையில். அதே மனு, அதே ரைட்டர். வெளியே வரும்போது அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நீங்க யாரைப் பிடிச்சீங்க?” என்று கேட்டார். கோபமோ பொறாமையோ எதுவுமில்லை, மதுரை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை, வந்துவிட்டேன்.

இத்தனைக்கும் சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். இல்லை. திருட்டு மாதிரி, போலீஸ் வாரண்ட் இல்லாமலேயே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது. சிபாரிசோடு போன எனக்கே ரசீதுதான் கிடைத்தது.

இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அடி, உதை, லாக்கப் எதுவும் அதில் இருக்காது. மூன்று நாள் அலைச்சல், ஒரு “நீ வா, போ”, ஸ்டேஷனுக்கு ஒரு பண்டில் ஏ4 பேப்பர் வாங்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். ஆனால் நம்பிக்கை போவதற்கு அதுவே போதும். அதிலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் அடி வாங்கிவிட்டுப் புகார் கொடுக்கப் போனால், அடித்தவர்களிடமும் ஒரு புகாரை வாங்கி, அடி வாங்கினவர் மேலேயே கவுண்டர் கேஸ் போட்டு, பிறகு இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சமாதானமாகப் போங்கள் என்று சொல்வதை எங்கள் பக்கம் நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவரிடம் போய் போலீஸை நம்புங்கள் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் குடும்பத்தில் இந்தப் பயம் இன்னும் பழசு. என் அப்பத்தாவுக்குக் காக்கிச் சட்டையைக் கண்டால் கடைசி வரைக்கும் கை நடுங்கும். அவருடைய அப்பா ரேகை வைத்தவர். ரேகைச் சட்டம் என்று எங்கள் ஊரில் சொல்வது குற்றப் பரம்பரைச் சட்டத்தை. 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, 1911-க்குப் பிறகு மதராஸ் மாகாணத்திலும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததற்காகவே கைரேகை எடுத்துப் பதிந்துகொள்வார்கள், ராத்திரி சாவடியில் போய் ஆஜராக வேண்டும், வெளியூர் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்றவர்களைப் போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் செத்தார்கள், அதில் மாயக்காள் என்று ஒரு பெண். சட்டம் 1947-ல் மதராஸில் எடுக்கப்பட்டுவிட்டது, ஆனால் அந்தச் சாவடிக்கு ராத்திரி ராத்திரி போய்வந்தவரின் மகள் எங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் எழுபது வருஷம் உட்கார்ந்திருந்தார். இப்படி வந்த பயத்தை எந்தக் காவலர் தினக் கொண்டாட்டமும் ஒரே நாளில் எடுத்துவிடாது.

அதற்கும் முன்னால் போனால், 1854-ல் மதராஸ் மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசே ஒரு கமிஷன் போட்டது. வரி வசூலிக்கிற ஆளும் போலீஸ் வேலை பார்க்கிற ஆளும் அப்போது ஒன்றுதான். விரல்களை இரண்டு கட்டைக்கு நடுவே வைத்து நெரிக்கிற கிட்டி பற்றியெல்லாம் அந்த அறிக்கையில் இருக்கிறது. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1859-ல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. அடித்து உண்மையை வாங்குகிற பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. போலீஸை முதலில் நம்பாதது சட்டம்தான். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்றது. 2024 ஜூலையில் புதுச் சாட்சியச் சட்டம் வந்தபோதும் அது 23-ஆம் பிரிவாக அப்படியே இருக்கிறது. அடித்துத்தான் வாங்கியிருப்பார்கள் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. ஆனால் பழைய 27-ஆம் பிரிவில் ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள்: அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் செல்லும். ஸ்டேஷன் பாஷையில் இதுதான் ரெக்கவரி. நகைத் திருட்டு என்று கேஸ் வந்தால் மேலதிகாரி கேட்பது “ரெக்கவரி ஆச்சா?” என்றுதான். பொருளை எடுத்துக் காட்டியே ஆக வேண்டும் என்கிறபோது முதலில் கையில் சிக்குகிற ஏழையின் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

யோசிக்கக்கூட வேண்டாம். 2025 ஜூன் கடைசியில் திருப்புவனம் பக்கத்தில் மடப்புரம் பத்திரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமாருக்கு நடந்ததைப் பார்த்தோம். காரில் வைத்த நகை காணவில்லை என்று ஒரு புகார். போலீஸ் தனிப்படை விசாரணைக்குக் கூட்டிப் போனது, ஜூன் 28-ஆம் தேதி செத்துப்போனார். பிரேதப் பரிசோதனையில் உடம்பில் 44 காயங்கள். கோயிலுக்குப் பின்னால் வைத்து அடிப்பதை யாரோ மறைந்திருந்து எடுத்த வீடியோ ஒன்று இல்லையென்றால் இந்தக் கதை வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

சாத்தான்குளம் அதைவிட எனக்கு வலிக்கும், ஏனென்றால் அங்கே கூட ஆள் இருந்தார்கள். 2020 ஜூன் 19, ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி ஜெயராஜைக் கூட்டிப் போனார்கள், அப்பாவைத் தேடி மகன் பென்னிக்ஸ் போனார், நண்பர்களும் வக்கீல்களும் ராத்திரியெல்லாம் வாசலில் நின்றார்கள். சொந்த ஊர், சொந்தக் கடை, தெரிந்த மனுஷர்கள், எல்லாம் இருந்தும் நான்கு நாளுக்குள் இரண்டு பேரும் செத்தார்கள். ஸ்டேஷனில் கேமரா இருந்தது, பதிவுகள் தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்பதை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு “கூட யாரு வர்றா?” என்ற கேள்வியோடு “எதுக்குப் போகணும், விடு” என்பதும் சேர்ந்துகொண்டது.

நியாயம் கிடைக்கவே கிடைக்காதா என்றால், கிடைக்கும். வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ஆம் தேதி வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஒரு மலைக்கிராமத்தையே சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் செத்தவர்கள் போக மீதிப் பேர் அத்தனை பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தீர்ப்பு வந்தது, 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம். அந்தப் பெண்கள் அத்தனை வருஷமும் கோர்ட் படி ஏறினார்கள், அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும்.

நம் பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ரவுடி ஒருவனைப் பிடித்து, பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை உடைந்துவிட்டது என்று மாவுக்கட்டோடு போட்டோ வந்தால் நாம்தான் கைதட்டுகிறோம், ஷேர் பண்ணுகிறோம். கைதிகள் மட்டும் எப்படி ஸ்டேஷன் கழிப்பறையில் வழுக்கி விழுகிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் கேட்டது, அப்போதும் சிரிப்பு மீம் போட்டோம். கோர்ட்டுக்கு வெளியே தண்டனை கொடுக்க அனுமதி கொடுத்துவிட்டு, அது மடப்புரத்துக்கு மட்டும் வரக்கூடாது என்றால் எப்படி?

போலீஸ்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவன் இப்போது கிரேடு ஒன் காவலர். வாரம் ஒருநாள் ஓய்வு என்று 2021-ல் ஆணை வந்தது, பந்தோபஸ்து என்று சொல்லி அதை எத்தனை முறை பறித்திருக்கிறார்கள் என்று அவனிடம் கேட்டால் தெரியும். மகள் பிறந்த அன்று திருவிழா டூட்டியில் நின்றான். அதிகாரியிடம் நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறவன் மனு கொடுக்க வருகிறவரிடம் எரிந்து விழுவது எனக்குப் புரிகிறது, அதை ஏற்றுக்கொள்ளத்தான் முடியவில்லை. சாத்தான்குளத்திலும் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் தைரியமாகச் சொன்னது அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான். அந்த ராத்திரி நடந்தது வெளியே வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் நல்லவர் இருந்தால் தப்பித்தோம், இல்லையென்றால் நம் விதி என்று ஒரு துறை நடக்கக் கூடாது. போலீஸ் மேல் புகார் சொல்லத் தனி ஆணையம் வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டபோது மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரையே தலைவராக்கியது. போலீஸ் எந்தத் துறையின் கீழ் இருக்கிறதோ அந்தத் துறையின் செயலரிடமே போய் முறையிட வேண்டும். இதை மாற்றினாலே பாதி நம்பிக்கை வரும் என்பது என் அபிப்பிராயம்.

அதுவரைக்கும், ஸ்டேஷனில் மனுவை வாங்கவில்லை என்றால் அங்கேயே நின்றுகொண்டிருக்காதீர்கள். அதே மனுவை மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு அதற்குத்தான் இருக்கிறது, அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பழைய சட்டத்திலும் இது 154-ஆம் பிரிவில் இருந்தது. 2016-ல் எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வேப்ப மரத்தடியிலேயே உட்கார்ந்து அந்த அம்மாவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.