கோடையில் குடும்பத்தோடு வெளியே: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

குழந்தைகளும் பெரியவர்களும் கலந்த குழுக்களை இருபது வருடமாக நடை, கூடாரம், ஏரிக்கரை என்று கூட்டிப்போய்க்கொண்டிருக்கிறேன். வழி தப்பியிருக்கிறேன். மழையில் ஊறியிருக்கிறேன். ஒருமுறை கம்பிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு கூடாரத் துணியை மட்டும் ஆறு கிலோமீட்டர் சுமந்திருக்கிறேன். இன்று மதியம் முழுக்க இங்கேதான் உட்கார்ந்திருப்பேன், கேளுங்கள். எந்த பிராண்டு வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதல்முறைக்காரி: அக்கா, ஐந்து வயதுப் பையன், ஒன்பது வயதுப் பெண், முழங்கால் வலியுள்ள மாமியார். எல்லோரும் சேர்ந்து ஒருநாள் மலை நடை போக ஆசை. போய்வர 6 கி.மீ., ஏற்றம் 300 மீட்டர் என்று போட்டிருக்கிறது. முடியுமா?

முடியும். ஆனால் கணக்கை உங்கள் கணவரின் காலை வைத்துப் போடாதீர்கள், மாமியாரின் முழங்காலை வைத்துப் போடுங்கள். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் பாதைக்கு அது ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அது திடகாத்திரமான பெரியவருக்கான கணக்கு. குழந்தைகள் இருந்தால் நான் இரண்டால் பெருக்குவேன். அப்புறம் உட்காரவும் சாப்பிடவும் எறும்பு பார்க்கவும் ஒரு மணி நேரம். ஆக, நாலரை மணி நேரம்.

காலை ஆறரைக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குத் திரும்பிவிடலாம். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் நிழலுக்கு வந்துவிடுவீர்கள். இப்போது முக்கியமான விஷயம்: திரும்பும் நேரத்தை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். ஒன்பது மணி என்று எழுதினால், ஒன்பது மணிக்கு உச்சி கண்ணெதிரே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். மேலே நின்றுகொண்டு "இன்னும் பத்து நிமிஷம்தானே" என்று பேச்சை ஆரம்பித்தால் ஆசைதான் ஜெயிக்கும். வீட்டிலேயே எழுதிவிட்டால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஐந்து வயதுக்காரன் எங்கே நிற்பான் என்று சொல்லட்டுமா? முதல் அரை மணி நேரம் ஓடுவான். அப்புறம் ஒரு பாறையில் உட்கார்ந்து "கால் வலிக்குது" என்பான். முதலில் ஷூவைக் கழற்றிப் பாருங்கள். போன வருடம் என்னோடு வந்த ஒரு குட்டிப் பெண் அழுதபடியே ஒரு கிலோமீட்டர் நடந்தாள். அவள் அம்மா "பிடிவாதம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சாக்ஸைக் கழற்றி உதறியபோது பயறு அளவில் ஒரு கல் விழுந்தது. குதிகாலில் அந்த அளவுக்கே ஒரு சிவப்புப் புள்ளி. கல்லை அவள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள், மீதி வழி முழுக்கப் பாடிக்கொண்டு வந்தாள்.

தூங்காத தாய்: நாலு மாதக் குழந்தைக்கு எந்த எஸ்பிஎஃப் சன்ஸ்கிரீன்?

ஆறு மாதத்துக்குக் கீழே நிழல், தொப்பி, கைகால் மூடும் மெல்லிய துணி. இவைதான் சன்ஸ்கிரீன். மற்றவர்களுக்கு எஸ்பிஎஃப் 30 போதும். அது தோலைப் பொசுக்கும் புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. அந்த ஒரு சதவீதத்தைவிட, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுகிறீர்களா என்பதுதான் கேள்வி.

கூடாரக்காரன்: நாலு பேருக்கு எந்த கம்பெனி கூடாரம் நல்லது?

மேலே முதல் பத்தியைப் படியுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: "நாலு பேர் கூடாரம்" என்று எழுதியிருந்தால் அதில் நாலு பேர் மத்தி மீன் மாதிரி படுக்கலாம், பைகளை வைக்க இடம் இருக்காது. எதை வாங்கினாலும் அடுப்பையும் கரிக்கங்கையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது.

நீர்ப்பறவை: ஏரியில் குளிக்கப் போகிறோம். ஆறு வயது, எட்டு வயது. காற்றடைத்த வளையம் இரண்டு வாங்கிவிட்டோம். போதும்தானே?

போதாது. அது பொம்மை. காற்று அடித்தால் குழந்தையோடு சேர்த்து நடு ஏரிக்கு இழுத்துப்போகும், குழந்தை நழுவினால் வளையம் மட்டும் மிதக்கும். உடம்பில் கட்டும், அளவு சரியான உயிர்காப்பு உடை வாங்குங்கள்.

அதைவிட முக்கியம் யார் பார்ப்பது என்பது. தண்ணீரில் மூழ்குகிறவர்கள் கத்துவார்கள், கையை ஆட்டுவார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும்போது மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும், கத்த இருக்காது. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்குக் குழந்தை நின்று விளையாடுவது போலவே இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். எட்டுப் பெரியவர்கள் கரையில் இருந்தால் எட்டுப் பேரும் "இன்னொருத்தர் பார்க்கிறார்" என்று நினைப்பார்கள். ஆகவே முறை வையுங்கள்: பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர். அவர் கையில் போன் இருக்கக் கூடாது, அரட்டை கூடாது. நாங்கள் ஒரு சிவப்புத் தொப்பி வைத்திருக்கிறோம். தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. கடலுக்குப் போனால், கரையிலிருந்து இழுக்கும் ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும் என்பதையும் வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள்.

தண்ணீரை விட்டு ஏறும் நேரத்தையும் எழுதிவையுங்கள். திரும்பும் நேரம் ஏரிக்கும் உண்டு.

நிழல்விரும்பி: வெயிலில் நடக்க வெள்ளை உடைதானே நல்லது? என் வீட்டுக்காரர் கறுப்பு டீ-ஷர்ட்டை விடமாட்டேன் என்கிறார். தீர்ப்பு வேண்டும்.

ஒட்டிய டீ-ஷர்ட் என்றால் வெள்ளை. தொளதொள உடை என்றால் நிறம் பெரிய விஷயமில்லை.

கறுப்புச்சட்டை: நான்தான் அந்த வீட்டுக்காரர். பாலைவனத்தில் பெதூயின் மக்கள் கறுப்பு அங்கிதானே போடுகிறார்கள்? அவர்களுக்குத் தெரியாததா?

நல்ல கேள்வி, இதற்கு உட்கார்ந்து பதில் சொல்லலாம். இதையேதான் 1980-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு கேட்டது. பாலைவன வெயிலில் ஒரே ஆளைக் கறுப்பு அங்கியிலும் வெள்ளை அங்கியிலும் நிறுத்தி அளந்தார்கள். கறுப்புத் துணி அதிகம் சூடானது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் சூடு உடம்பைத் தொடுவதற்கு முன்பே போய்விட்டது. அங்கி தொளதொளவென்று இருப்பதால் உள்ளே காற்று ஓடுகிறது. உடம்புக்குச் சேர்ந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றுதான்.

கறுப்புச்சட்டை: ஆக, நான் ஜெயித்தேன்.

இல்லை. நீங்கள் போடுவது அங்கி இல்லை. ஒட்டிய துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று ஓட இடமில்லை, சூடு நேரே உள்ளே இறங்கும்.

மலையேறி: நிறத்தை விடுங்கள். பருத்தி போட்டாலே ஆபத்து, செயற்கை இழைதான் போட வேண்டும் என்று எங்கள் குழுவில் அடித்துச் சொல்கிறார்கள்.

பாதி உண்மை. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் காயாது. வறண்ட வெயிலில் அது வரம், காயக் காய உடம்பு குளிரும். அதே சட்டையோடு மேலே ஏறுங்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும். காற்றடிக்கும், மழை பிடிக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். அப்போது அது ஈரப் போர்வை. சமவெளிக்குப் பருத்தி, உயரத்துக்கு மாற்றுடை. இதற்கு ஏன் இரண்டு கட்சி?

நிழல்விரும்பி: அப்படியானால் மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டைதான் ஏரிக்கரைக்கு. சரிதானே?

சூட்டுக்குச் சரி. புற ஊதாக் கதிருக்கு உங்கள் வீட்டுக்காரர் பக்கம் கொஞ்சம் சாய வேண்டியிருக்கிறது. மெல்லிய வெள்ளைப் பருத்தி நிறையக் கதிரை உள்ளே விடும், நனைந்தால் இன்னும் அதிகம். அடர் நிறமும் நெருக்கமான நெசவும் அதிகம் தடுக்கும். உயரம் போகப் போகக் கதிரும் கூடும், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம்.

கறுப்புச்சட்டை: இதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டப் போகிறேன்.

"தொளதொள" என்ற சொல்லையும் சேர்த்து ஒட்டுங்கள்.

இரட்டையர் அப்பா: ஐந்து வயதுக் குழந்தை எவ்வளவு தூரம் நடக்கும்?

முதல் பதில்.

இடிதாங்கி: கூடாரம் போட்டிருக்கும்போது இடி வந்தால் மரத்தடியில் நிற்கலாமா?

நிற்கக் கூடாது. தனி மரம் மிக மோசம். கூடாரமும் காப்பாற்றாது. கட்டடம் இல்லையென்றால் கூரை மூடிய காருக்குள் போங்கள். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே எண்ணுங்கள். 30 விநாடிக்குள் கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உடனே ஒதுங்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். குழந்தைகளுக்கு எண்ணுவது விளையாட்டாக இருக்கும், பயமும் குறையும்.

பாட்டில்காரி: எவ்வளவு தண்ணீர் எடுத்துப்போக வேண்டும்? என் பையன் தாகமே இல்லை என்கிறான்.

வெயிலில் நடக்கும் பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டர், குழந்தைக்கு அதில் பாதி என்று ஆரம்பியுங்கள். அதற்கு மேல் ஒரு பாட்டில், அதைக் கார் வரை தொடாதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் குழந்தைக்குத் தாகம் தெரியாது, நிற்கும் இடத்திலெல்லாம் இரண்டு மடக்கு கொடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் சரியில்லை, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். கூடவே உப்புள்ள தீனி ஏதாவது இருக்கட்டும். யாராவது குழறிப் பேசினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத் தாக்கு. நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்க நனைத்து விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள்.

பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்புங்கள். கடிகாரத்தில் எழுதிய நேரம் வரவில்லையென்றாலும்தான். எது முந்துகிறதோ அதுதான் திரும்பும் நேரம்.

புதுநடை: அக்கா, ஆறு வயதுக் குழந்தை எவ்வளவு தூரம்...

ஐந்து வயதுக் குழந்தையைவிடக் கொஞ்சம் அதிகம். முதல் பதில்.

போன்வீட்டார்: எங்கே கூட்டிப்போனாலும் பிள்ளைகள் போனைத்தான் பார்க்கிறார்கள்.

வேலை கொடுங்கள். வரைபடம் ஒரு பிள்ளையிடம், விசில் இன்னொரு பிள்ளையிடம். வழி தப்பினால் அங்கேயே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மூன்று முறை ஊத வேண்டும் என்று ஒத்திகை பாருங்கள். ராத்திரி என்றால் நட்சத்திரம். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு போன் வெளிச்சம் பட்டாலே பழையபடி ஆகிவிடும். அதைச் சொன்னால் பிள்ளைகளே ஒருவரை ஒருவர் காவல் காப்பார்கள். வடக்கு அரைக்கோளத்தில் ஆகஸ்ட் 12, 13 வாக்கில் பெர்சீட் எரிகற்கள் உச்சத்துக்கு வரும். நள்ளிரவு தாண்டிப் பாயில் மல்லாந்து படுத்தால் போதும், தொலைநோக்கி வேண்டாம்.

கறுப்புச்சட்டை: கறுப்புத் தொப்பிக்கும் இதே கணக்குத்தானா?

உங்களை மதியத்திலிருந்தே சமாளித்துக்கொண்டிருக்கிறேன். அகல விளிம்பு இருந்தால் எந்த நிறமும் போடுங்கள்.

ஏழுமலை நடை: ஏழு வயது. எவ்வளவு தூரம்?

குழந்தையைக் கேளுங்கள்.

அம்மா மட்டும்: பதினான்கு வயது மகள் எங்கேயும் வரமாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தலாமா?

என் மகளும் இதே வயதில் இதையேதான் சொன்னாள். நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். அப்புறம் ஒரு பயணத்தை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டேன்: இடம், பாதை, சாப்பாடு, எல்லாம். ஒரு தோழியைக் கூட்டிக்கொள்ளலாம் என்றேன். அவள் தேர்ந்தெடுத்த அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த பாறையில் உட்கார்ந்து அவளும் தோழியும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனைக்கும் கோடையில் அந்த ஓடை வற்றும் என்று எனக்குத் தெரியும். பத்தே முக்காலுக்கு அவளே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, எழுந்திரு, திரும்பும் நேரம்" என்றாள்.