கும்பினிக் கோட்டையில் மருந்துக் கிடங்கு

கே: பாளையங்கோட்டையில் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படை இருந்த காலத்தில் வெடிமருந்தை எப்படிக் கெடாமல் வைத்திருப்பார்கள்? அந்தக் கோட்டையில் இன்று என்ன மிச்சம்?
- வாசகர், மேலப்பாளையம்

ப: அன்றைய கரிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), 15 கரி, 10 கந்தகம். வெடியுப்பைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் அதில் கலந்த சாதா உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். மருந்து கட்டி தட்டிவிடும். பற்றவைத்தாலும் புகைந்து அடங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதுதான் பெரும்பாடு. அதனால் ராணுவக் கிடங்குகளில் சுவரைத் தடிமனாகக் கட்டி, பீப்பாய்களைத் தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவது வழக்கம். காற்றுத் துவாரத்தை நேராக விடாமல் வளைத்து வைப்பார்கள், தீப்பொறி நுழையாது. பீப்பாய்க்குச் செம்புப் பட்டையோ மரப்பட்டையோதான். இரும்பு உரசினால் பொறி பறக்கும். ஆணி அடித்த செருப்போடு உள்ளே போகவே கூடாது.

இவ்வளவு காவல் இருந்த ஊரில்தான் 1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். அதன்பின் பாஞ்சாலங்குறிச்சியில் மறுபடி எழும்பிய அவரது மண்கோட்டை கும்பினிப் படையின் மார்ச் 31 தாக்குதலைத் தாங்கியது. மண்சுவர் பீரங்கிக் குண்டை உள்வாங்கிக்கொள்ளும், கல்லைப்போலச் சிதறாது. மே 24இல்தான் விழுந்தது.

பாளையங்கோட்டை மதில் பெரும்பாலும் போய்விட்டது. மேற்கு வாசலை அவசியம் பாருங்கள். மேடை போலீஸ் ஸ்டேஷன் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள்.