வாசகர் கேள்வி: பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களா?

கேள்வி: மனிதன் நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகள், அதாவது செயல்கள், இல்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்று ரோமர் 3:28-இல் பவுல் எழுதுகிறார். விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிறது யாக்கோபு 2:24. இருவரும் ஆபிரகாமையே சான்று காட்டுகிறார்கள். நான் எதை நம்புவது?

பதில்: சகோதரி, ஆபிரகாமின் வாழ்வில் எந்த வேளையை யார் சுட்டுகிறார் என்று பாருங்கள். பவுல் சுட்டுவது ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தை. வானத்து நட்சத்திரங்களைக் காட்டி, சந்ததியைப் பற்றித் தேவன் சொன்ன வாக்கைப் பிள்ளையில்லாத அந்த முதியவர் நம்பினார். அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. அவர் உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கம்) பெற்றதோ 99-ஆம் வயதில், அதற்குக் குறைந்தது 13 ஆண்டுகள் கழித்து. ரோமர் 4-இல் பவுலின் வாதம் முழுவதும் இந்த முன்பின் வரிசையில்தான் நிற்கிறது. யாக்கோபு காட்டுவது அதே நூலின் 22-ஆம் அதிகாரத்தில் தம் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய நாளை. அன்று, முன்னமே எண்ணப்பட்ட நீதி மெய்யானது என்று வெளிப்பட்டது.

'நீதிமானாக்கப்படுதல்' என்ற நம் சொல்லும் சற்றுக் குழப்பம் தருகிறது. 'ஆக்குதல்' என்றதும் ஒருவருடைய குணத்தை மாற்றுவதாகவே நமக்குத் தோன்றும். பவுல் கையாண்ட கிரேக்கச் சொல்லோ நீதிமன்றத்துச் சொல். குற்றமற்றவர் என்று நீதிபதி தீர்ப்பளிப்பதைக் குறிப்பது. குணமாற்றம் அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து வருகிறதே தவிர, தீர்ப்புக்கு விலையாகச் செலுத்தப்படுவதில்லை. வேலை செய்தவனுக்குக் கொடுக்கப்படும் கூலி கடன், அது கிருபை அல்ல என்று பவுல் ரோமர் 4:4-இல் சொல்வதைவிடத் தெளிவாக இதைச் சொல்ல என்னால் இயலாது.

யாக்கோபு கண்டிப்பது வேறொரு நோயை. தேவன் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார். பசித்த சகோதரனுக்கு ஒன்றும் கொடாமல் 'பசியாறுங்கள்' என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவனை, அதனால் என்ன பயன் என்று கேட்கிறார். அது பவுல் போதித்த விசுவாசமே அல்ல.

1522-இல் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ரோமர் 3:28-இல் 'மட்டுமே' என்ற சொல்லைச் சேர்த்தார். அது கிரேக்கத்தில் இல்லை என்பதை 1530-இல் அவரே ஒப்புக்கொண்டு, பொருள் அதையே கேட்கிறது என்று வாதிட்டார். பொருளில் அவர் தவறவில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் அந்தச் சொல்லை யாக்கோபு 2:24-க்கு எதிராக நிறுத்தி வாசிக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பது எனக்கு வருத்தமே. லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில், நம் தகுதியினால் அன்றிக் கிருபையினாலேயே ஏற்கப்படுகிறோம் என்று ஒன்றாகவே அறிக்கையிட்டன.

ஆகவே நீங்கள் இருவரையும் நம்பலாம். ஆதியாகமம் 15, ரோமர் 4, ஆதியாகமம் 22, யாக்கோபு 2 என்ற வரிசையில் ஒரே மாலையில் வாசித்துப் பாருங்கள்.