இறாலும் ஒத்துக்கொள்ளும், ஓட்டமும் ஒத்துக்கொள்ளும், சேர்ந்தால்தான் வம்பு

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 31. பின்னேரம் ஓடுகிற பழக்கம் உண்டு. போன மாதம் காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட்டுவிட்டு ஓடத் தொடங்கியதும் உள்ளங்கை கடித்தது, பிறகு உடம்பெல்லாம் தடித்து, கண் இருட்டி விழுந்துவிட்டேன். வீட்டில் இறால் குழம்பு சாப்பிட்டு ஒன்றும் வந்ததில்லை, ஓடியும் வந்ததில்லை. அம்மா, வடை சுட்ட எண்ணெய் பழசு என்கிறார். ஓட்டத்தை விடவா, இறாலை விடவா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: எண்ணெய் பழசென்றால் வயிறு கலக்கியிருக்கும், உடம்பு தடித்துக் கண் இருட்டாது. உணவும் உடற்பயிற்சியும் கூட்டுச் சேர்ந்து கிளப்பும் அனபிலக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை என்றுதான் சந்தேகிக்கிறேன். தனித்தனியே இரண்டும் சாது. 1979இல் மருத்துவ ஏட்டில் வந்த ஆரம்பப் பதிவும் கடலுணவு சாப்பிட்டு ஓடிய ஒருவருடையதுதான். ஓடும்போது குடல் வழியாக உணவுப் புரதம் வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்தில் கலப்பது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

ஆனால் இறால்மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். வடை மாவில் கோதுமை மா கலப்பவர்களும் உண்டு, இந்த நோயில் அடிக்கடி மாட்டுவதும் கோதுமைதான். பாண், கொத்து, ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு ஓடிய நாட்களையும் யோசித்துப் பாருங்கள். சாதாரண கோதுமைப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம், அதனால் ஒவ்வாமை மருத்துவரிடம் போகும்போது ஒமேகா-5 கிளியடின் என்கிற கோதுமைப் புரதத்துக்கான இரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். அன்றைக்கு அஸ்பிரின், இபுபுரூஃபன் மாதிரி நோமாத்திரை ஏதாவது போட்டீர்களா, மது குடித்தீர்களா? இவையும் நம்முடைய புழுக்கமும் சேர்ந்தால் இலேசாக நடந்தாலே போதும், வந்துவிடும்.

சரி, எதை விடுவது? மருத்துவரைப் பார்க்கும்வரை ஓட்டத்தை நிறுத்துங்கள். பிறகு, காரணம் எந்த உணவு என்று தெரிந்ததும், அதைச் சாப்பிட்டால் குறைந்தது நாலு மணி நேரம், ஆறு என்றால் இன்னும் நல்லது, ஓடாமல் இருக்க வேண்டும். தனியாக ஓடவே வேண்டாம். உள்ளங்கை கடித்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், "இந்த ரவுண்டை முடித்துவிடுவோம்" என்கிற வீறாப்புதான் ஆளை விழுத்தும். தலை சுற்றினால் படுத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். யாராவது எழுப்பி நடக்கவைக்க வந்தால் விடாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள்.

பிரிட்டோன் (Piriton) என்கிற அலர்ஜி மாத்திரை கடியைத்தான் குறைக்கும், விழுந்த பிரஷரைத் தூக்காது. அதற்கு மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான். கையோடு வைத்திருக்க வேண்டுமா, எப்படிப் போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். ஊசி போட்டுச் சுகமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில மணி நேரம் இருக்கத்தான் வேண்டும், சிலருக்குத் திரும்பவும் வரும்.

கேள்வி: எனக்கு ஓடினாலும் சுடுதண்ணீரில் குளித்தாலும் குட்டிக் குட்டிப் பருக்களாகத் தடித்துக் கடிக்கும். இதுவும் அதுவா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பெரும்பாலும் இல்லை. உடம்பு சூடாகி வியர்க்கும்போது வரும் தடிப்பு இது, தினமும் ஒரு அலர்ஜி மாத்திரையிலேயே பலருக்கு அடங்கிவிடும். மூச்சு முட்டல், மயக்கம், தொண்டை இறுக்கம் எப்போதாவது வந்திருந்தால் மட்டும் கதை வேறு, உடனே காட்டுங்கள்.