டெக்சஸில் மான் வேட்டை: எந்த கேலிபர் (தோட்டா அளவு)?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், வயது 61. நவம்பரில் டெக்சஸ் போகும்போது மாப்பிள்ளை மான் வேட்டைக்குக் கூட்டிப்போகிறார். மான் துடிக்கக் கூடாது. அங்குள்ள கடைக்காரர் .300 மேக்னம் என்ற பலத்த தோட்டா போடும் துப்பாக்கிதான் சரி என்கிறாராம். வாங்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்களுக்கு அதைவிட உதை குறைந்த .243 வின்செஸ்டரோ 6.5 கிரீட்மோரோ போதும். மாப்பிள்ளையிடம் .308 இருந்தால் அதுவும் சரி.

மானின் தோளுக்குப் பின்னால் டிஃபன் தட்டு அளவு இடத்தில்தான் இதயமும் நுரையீரலும். குண்டு அங்கே பட்டால்தான் துடிக்காது. சுட்டதும் மேக்னம் தோளில் உதைக்கிற உதைக்குப் பயந்தவர் கை அங்கே நிற்காது. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லாமலே ஒரு டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுப்பேன். வெடிக்காது; ஆனால் ட்ரிகரை இழுத்ததும் குழல் முனை ஒரு விரற்கடை கீழே இறங்கும், கண் இறுக மூடியிருக்கும். அந்த விரற்கடைதான் மானின் வயிற்றில் காயமாகிறது.

தோட்டா சாஃப்ட் பாயின்டாக, அதாவது பட்டதும் விரியும் மென்மையான ஈய முனை உள்ளதாக இருக்கட்டும். முழு உலோக உறை போட்டது ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும், மான் காயத்தோடு ஓடும்.

இங்கே ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சிறிய .22 துப்பாக்கியில் பழகுங்கள். "குடகு எஸ்டேட்டில் நிஜ மானே ஏற்பாடு பண்ணுகிறேன்" என்று எந்த புரோக்கராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மாட்டப்போவது அவரல்ல, நீங்கள்.

அப்புறம், இதைக் கவனமாகப் படியுங்கள். சுற்றுலா விசாவில் போனவர் அமெரிக்காவில் துப்பாக்கியை வைத்திருப்பதே அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். மாப்பிள்ளையுடையதை இரவல் வாங்கினாலும்தான். அங்குள்ள ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்கள் பெயரில் இருந்தால் விலக்கு உண்டு. மாப்பிள்ளையின் லைசென்ஸ் உங்களுக்கு உதவாது. லைசென்ஸை வேட்டை நாளன்று எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். முதல் நாள் அங்கே குறிபார்க்கத் துப்பாக்கியைத் தொடும்போதே அது வேண்டும். டெக்சஸில் வெளியாருக்கான பொது லைசென்ஸ் 315 டாலர். மலிவான ஐந்து நாள் லைசென்ஸும் உண்டு, ஆனால் அது அங்கே பொதுவாக வேட்டையாடும் வெள்ளைவால் மானுக்குச் செல்லாது. பேக்கேஜ் விற்கும் ஏஜென்ட் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

திரும்பும்போது ஞாபகத்துக்குக்கூட தோட்டாவோ காலிக்கூடோ வேண்டாம். பை மடிப்பில் மறந்துகிடந்த ஒரே தோட்டாவுக்காக விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கு போடுகிறார்கள். தெரியாமல் வந்தது என்று டெல்லி உயர் நீதிமன்றம் இப்படிப் பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொருவரும் வக்கீல் பிடித்து அலைந்தே மீள வேண்டியிருக்கிறது. இதை அங்கேயே விசாரித்து முடிக்க ஒரு வழி செய்யக் கூடாதா? வேட்டைக்குக் கொண்டுபோன பையை மாப்பிள்ளை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.