கார் மூழ்கும்வரை

ஐயா,

வீட்டில் படம் பார்க்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை ஃபோனுக்குப் போய்விடுகிறது. இத்தனைக்கும் இப்போதைய படங்களில் கண் சிமிட்டுவதற்குள் ஷாட் மாறிவிடுகிறது. அப்படியும் மனம் ஒட்டுவதில்லை. போன வாரம் ‘சைக்கோ’ பார்த்தேன். 1960இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஃபோன் நினைப்பே வரவில்லை. இயக்குநர் ஹிட்ச்காக் அப்படி என்னதான் செய்கிறார்?

கவிதா

அன்புள்ள கவிதா,

ஷாட் மாறினால் கண் திரும்பும், அவ்வளவுதான். மனம் நிற்க அதற்கு ஒரு கவலை வேண்டும்.

கதாநாயகி மேரியன் திருடி வந்த 40,000 டாலரையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டல் அறையில் அதைச் செய்தித்தாளுக்குள் மடித்து, கட்டிலருகே மேஜையில் வைக்கிறாள். குளியலறையில் அவள் கொலையாகி விழுந்ததும் கேமரா அவளுடைய திறந்த கண்ணிலிருந்து மெல்ல விலகி, அறைக்குள் வந்து, அந்தத் தாளைக் காட்டுகிறது. கதாநாயகி பாதிப் படத்திலேயே போய்விட்டாள், இனி யாரைப் பிடித்துக்கொள்வது என்று நாம் தவிக்கும் நேரம் அது. பணம் என்ன ஆகும் என்ற கவலையை ஹிட்ச்காக் நம் கையில் கொடுத்துவிடுகிறார். அப்புறம் மோட்டலை நடத்தும் நார்மன் கொலையை மறைக்கத் தரையைத் துடைப்பதைக்கூட அலுக்காமல் பார்க்கிறோம். கடைசியில் அவன் அந்தத் தாளை, உள்ளே இருப்பது தெரியாமலே, கார் டிக்கியில் எறிகிறான்.

பிறகு சதுப்பு. பிணத்தோடு கார் அமிழ்கிறது. நார்மன் எதையோ கொறித்தபடி நிற்கிறான். பாதியில் கார் நின்றுவிடுகிறது. அவன் பதறிச் சுற்றுமுற்றும் பார்க்கிறான். கார், அவன் முகம், மறுபடி கார். அந்த இடத்தில் நீங்கள் என்ன நினைத்தீர்கள்? மூழ்கித் தொலையக் கூடாதா என்றுதானே? உள்ளே கிடப்பவள் சற்று முன்புவரை நாம் பதறிய பெண். என்ன வேண்டும் என்பதை அவன் முகம் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. நான் முதலில் இதைப் பார்த்தது ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில். கார் நின்றபோது முன்வரிசையில் ஒருவர் “போ, போ” என்று வாய்விட்டே சொன்னார். எனக்குச் சினிமா மேல் பயம் கலந்த மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்று. படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ஹிட்ச்காக் அப்போது தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். வீட்டில் அதை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஃபோன் அடுத்த அறையில் இருக்கட்டும். இருபது நிமிடமாகியும் எந்தக் கவலையும் வரவில்லையென்றால், தப்பு உங்களிடம் இல்லை.